மேழி பிடித்த இயந்திரம்

சென்ற பொங்கல் விடுமுறையில் மாயவரத்துக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். என் தந்தையார் இரயில்வே உத்தியோகமாக வடக்கே வந்து தங்கிவிட்டவர். நான் எழுத்துக் கற்றதும், இப்போது பௌதிகத்தில் மேற்படிப்புப் படிப்பதும் தமிழ்நாட்டுக்கு வெளியேதான். ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகும் நான் அங்கே பாதி உறவினன், பாதி விருந்தாளி. வயல் வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அன்று கரும்பு வெட்டு நடந்தது. வேடிக்கை பார்க்க வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பாவின் டிராக்டர் கைமாறி வந்த பழைய வண்டி. கரும்புப் பாரம் இழுக்க அதற்குத் திராணி போதவில்லை என்று, முந்திய ஆண்டு ஒரு பட்டறையில் விட்டுத் துணைக் கியர்ப்பெட்டியைப் பிரித்து, உள்ளே பற்சக்கரங்களை மாற்றி வைத்திருந்தார். வேகம் குறைந்தது; இழுவை கூடியது. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று டிரெய்லரின் சக்கரம் வாய்க்கால் ஓரச் சேற்றில் அச்சு வரை புதைந்துவிட்டது. கீழ்க் கொக்கியில் பூட்டிய சங்கிலி சேற்றில் புரள்கிறதே என்று யாரோ அதைக் கழற்றி, இருக்கைக்குப் பின்னால் உயரத்தில், கலப்பையின் மேல் தண்டு மாட்டும் துளையில் பிணைத்துவிட்டார்கள். டிரைவர் அண்ணன் தாழ்ந்த கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். டிரெய்லர் அசையவில்லை. பின்சக்கரங்கள் சுழலவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் யானை துதிக்கையைத் தூக்குவது போல மேலே எழுந்தன. ஒன்றிரண்டு விநாடிதான். அண்ணன் பக்கவாட்டில் குதித்தார். டிராக்டர் மல்லாந்து விழுந்தது.

உயிர் தப்பியது, இடக்கால் எலும்பு முறிந்தது. அன்றிரவு திண்ணையில் ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிளட்சை அவசரப்பட்டு விட்டதாகச் சிலர் குறை கூறினார்கள். முன்னால் நாலு பேரை ஏற்றி உட்கார வைத்திருக்க வேண்டும் என்றனர் சிலர். நாள் நல்ல நாள் அல்ல என்று சொன்னவர்களும் உண்டு. பௌதிகம் படிக்கும் பிள்ளை என்று என் முகத்தையும் பார்த்தார்கள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. கல்லூரி திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். தேடிய இடமெல்லாம் ஒரு பெயரே வந்து நின்றது. அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் ஊர் டிராக்டரின் பின்புறத்தில் தொங்கும் மூன்று தண்டுகளும் அவர் விட்டுச் சென்றவை. அவர்தான் ஹாரி பெர்குஸன்.

நண்பர்களே, 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில், டிரோமோர் என்னும் ஊருக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். பதினொரு குழந்தைகளில் அவர் நான்காமவர். தந்தை மதக் கட்டுப்பாடு மிகுந்தவர். வீட்டில் வேதப் புத்தகத்தைத் தவிர மற்றப் புத்தகங்களுக்கு மதிப்புக் கிடையாது. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. வயல் வேலைக்கு இறங்கிய பிள்ளைக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. உழவனின் பாரத்தைக் குறைத்தவர் உழவை வெறுத்து ஓடியவர் என்பதைக் கேட்டு வியக்க வேண்டாம். வேலையின் கடுமையை அறிந்தவனுக்கே அதை எளிதாக்கும் எண்ணம் வருகிறது.

1902இல் பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய சைக்கிள், மோட்டார் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பிறகு ஆகாய விமானப் பைத்தியம் பிடித்தது. தாமே ஒரு விமானத்தைக் கட்டி, 1909ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, ஹில்ஸ்பரோவில் ஏறத்தாழ 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்தில் இயந்திர விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவரே. 1911இல் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். வயலில் கலப்பை நடத்திக் காட்டும் நாளிலும் கோட்டும் டையுமாகவே நிற்பாராம். ஒரு திருகாணி இடம் மாறிக் கிடந்தாலும் பொறுக்க மாட்டாராம். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் வில்லியம் சாண்ட்ஸ் என்ற மெக்கானிக் ஆண்டுக்கணக்கில் அவரோடு நின்றார். பெர்குஸன் மனத்தில் நினைத்ததை இரும்பில் செய்து காட்டியவர் அவர். பெயர் முதலாளிக்குப் போயிற்று. கைக்குச் சொந்தக்காரனையும் ஒரு வரி நினைப்போம்.

முதல் உலகப் போர் மூண்டது. ஆளும் குதிரையும் போர்க்களம் போனதால் உணவுப் பஞ்சம் வருமோ என்ற அச்சம் பரவியது. 1917இல் அயர்லாந்தின் விவசாய இலாகா, நாட்டில் உள்ள டிராக்டர்கள் ஒழுங்காக உழுகின்றனவா என்று பார்த்துச் சீர்ப்படுத்தும்படி பெர்குஸனைக் கேட்டுக்கொண்டது. சாண்ட்ஸையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே கண்டது அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

அக்காலத்து டிராக்டர் குதிரைக்குப் பதிலாக நின்ற ஓர் இரும்புக் குதிரை, அவ்வளவே. குதிரைக்குப் பின்னால் கட்டியதைப் போலவே கனமான கலப்பையைச் சங்கிலியிட்டுப் பின்னால் கட்டினார்கள். இழுவை போதவில்லை என்றால் டிராக்டரின் எடையைக் கூட்டினார்கள். எடை கூடினால் மண் இறுகும், சேற்றில் புதையும், எரிபொருள் கரையும். அதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. கலப்பையின் கொழு பாறையிலோ வேரிலோ மாட்டி நின்றால் இஞ்சின் நிற்காது. பின்சக்கரத்தை மண் விடாது. சக்கரம் சுழல முடியாதபோது, இஞ்சினின் முறுக்கு வண்டியின் உடலையே அச்சைச் சுற்றிச் சுழற்றும். முன்பக்கம் எழும், பின்னால் இருப்பவன் அதன்கீழ் அகப்படுவான். 1917இல் ஹென்றி போர்டு வெளியிட்ட போர்ட்சன் டிராக்டர் விலை மலிந்து, 1922இல் 395 டாலருக்குக்கூட விற்றது. ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வாங்கினார்கள். அவ்வண்டி இப்படிக் கவிழ்ந்து உயிர் குடித்ததும் உண்டு.

இதைப் படித்தபோது எங்கள் வாய்க்கால் கரை என் கண்முன் வந்தது. பட்டறைக்காரர் செய்த மாற்றத்தை இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாழ்ந்த கியர் சக்கரத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் முறுக்கு இரட்டிப்பாகும். இது உண்மை. ஆனால் மண் அந்த முறுக்கை எவ்வளவு தாங்கும்? பின்சக்கரங்களின்மேல் 800 கிலோ எடை அழுத்துகிறது, மண்ணின் பிடி அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோவுக்கு மேல் அந்த வண்டி இழுக்காது. கியர்ப்பெட்டியில் எத்தனை பல் மாற்றினாலும் இந்த 400 கூடாது. மிஞ்சிய முறுக்கு ஒன்று சக்கரத்தை வீணே வழுக்கச் செய்யும். இல்லையேல் முன்பக்கத்தைத் தூக்கும். சங்கிலியை அச்சுக்கு மேலே உயரத்தில் கட்டினால், இழுக்கும் பாரமே வண்டியைப் பின்னால் சாய்க்கும் நெம்புகோல் ஆகிவிடும். அன்று நாங்கள் இரண்டு பிழைகளையும் ஒன்றாகச் செய்தோம்.

பெர்குஸன் வேறு வழியில் போனார். முதலில் போர்டு கம்பெனியின் மாடல்-டி காரை டிராக்டராக மாற்றிய ஈராஸ் என்ற வண்டிக்கு இலேசான கலப்பை ஒன்றைச் செய்தார். இருக்கையில் அமர்ந்தபடியே நெம்புகோலால் அதைத் தூக்கலாம். அது சந்தைக்கு வந்த வேளையில் போர்ட்சனும் வந்து, ஈராஸ் மறைந்தே போயிற்று. அவர் தளரவில்லை, போர்ட்சனுக்கே ஒரு கலப்பை செய்யத் தொடங்கினார். வண்டியின் உடலோடு கலப்பையைத் தண்டுகளால் இணைத்து, இரண்டையும் ஒரே பிறவி போல் ஆக்கினார். 1925இல் அமெரிக்காவில் ஷெர்மன் சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்து அந்தக் கலப்பையை உற்பத்தி செய்தார். 1928இல் போர்டு அமெரிக்காவில் போர்ட்சன் செய்வதை நிறுத்தியதும் அந்த வியாபாரமும் படுத்தது. இரண்டு முறை கலப்பை செய்தார். இரண்டு முறையும் வண்டி காலடியிலிருந்து நழுவியது. இனி வண்டியையும் நாமே செய்வோம் என்று துணிந்தார்.

அவருடைய முறையை நான் புரிந்துகொண்டது, என் தாத்தா ஏர் ஓட்டியதைப் பற்றி வீட்டில் சொல்லக் கேட்ட பிறகுதான். நல்ல உழவன் மேழியைச் சும்மா பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. மண் இறுகினால் கை அதை உணரும். மாடு திணறுமுன் மேழியைச் சிறிது தளர்த்திக் கொழுவை மேலே விடுவான். மண் இளகினால் அழுத்துவான். மாட்டின் பலமும் மண்ணின் குணமும் அவன் உள்ளங்கையில் சந்திக்கின்றன. டிராக்டரில் அந்தக் கை இல்லை. பெர்குஸன் அந்தக் கையைச் செய்து கொடுத்தார்.

கீழே இரண்டு தண்டுகள் கலப்பையை இழுக்கின்றன. மேலே நடுவில் ஒரு தண்டு. நம் டிரைவர்கள் டாப்லிங்க் என்பார்கள். கொழுவை மண் பின்னுக்குத் தள்ளும்போது கலப்பையின் தலை முன்னுக்குச் சாய முயல்கிறது. அதனால் மேல் தண்டு வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதல் ஒரு சுருள்வில்லை அமுக்குகிறது. வில் அமுங்கினால் எண்ணெய்ப் பம்பின் வால்வு திறந்து, கீழ்த் தண்டுகள் கலப்பையை இம்மியளவு தூக்குகின்றன. தூக்கியவுடன் கலப்பையின் எடையும், அதன்மேல் கிடக்கும் மண்ணின் எடையும் பின்சக்கரத்துக்கு மாறுகின்றன, பிடி கூடுகிறது. எவ்வளவுக்கு மண் எதிர்க்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் அழுந்துகிறது! மேல் தண்டின் தள்ளுதலோ முன்சக்கரங்களைத் தரையில் வைத்து அழுத்துகிறது. தண்டுகள் போகும் கோடுகளை நீட்டினால் அவை முன்சக்கரத்தின் பக்கம் ஒரு புள்ளியில் கூடும். கலப்பை பின்னால் இருக்கிறது. ஆனால் நுகத்தடி முன்னால் இருப்பது போல் வண்டி இழுக்கிறது. கொழு பாறையில் மாட்டினால், தள்ளுதல் அளவு மீறி, எண்ணெயழுத்தம் விட்டுப்போய், சக்கரத்தின்மேல் இருந்த மேலதிக எடை நீங்கிவிடும். சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கிச் சுழலும். வண்டி எழாது.

இந்த எண்ணெயழுத்த முறைக்கு 1920களின் நடுவிலேயே காப்புரிமை பெற்றார். 1933இல் தமது முதல் டிராக்டரைக் கட்டி முடித்தார். அதற்குக் கறுப்பு வர்ணம் பூசினார். 1936இல் ஹட்டர்ஸ்பீல்டில் டேவிட் பிரவுன் என்ற கியர் உற்பத்தியாளருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். போர்ட்சனைவிட விலை மிக அதிகம். கலப்பையும் தனியாக வாங்க வேண்டும். ஏறத்தாழ 1350 வண்டிகளோடு அது நின்றது. பிரவுன் வண்டியைப் பெரிதாக்க விரும்பினார். பெர்குஸன் ஒரு திருகாணியையும் மாற்ற இசையவில்லை. கூட்டு முறிந்தது.

1938 அக்டோபரில், டியர்பார்னில் ஹென்றி போர்டின் வீட்டு நிலத்தில், தம் வண்டியைக் கொண்டுபோய் உழுது காட்டினார். கிழவருக்குப் பிடித்துப்போயிற்று. மேசை நாற்காலியை நிலத்திலேயே போட்டு அமர்ந்து, சாவி கொடுக்கும் ஒரு சிறு பொம்மை வண்டியை வைத்துப் பெர்குஸன் தத்துவத்தை விளக்கினார். போர்டு உற்பத்தி செய்வது, பெர்குஸன் விற்பது என்று முடிவாயிற்று. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. கை குலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939இல் அதன் விளைவாக 9-என் என்ற சிறு டிராக்டர் வெளிவந்தது. 1947க்குள் அதுவும் அதன் மறுபதிப்பும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் விற்றன.

இங்கே கியர்ப்பெட்டிக் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 9-என் வண்டிக்கு முன்னோக்கி மூன்றே கியர்கள். முதல் கியரிலும் மணிக்கு 4 கிலோமீட்டர் போகும். நாற்று வரிசையில் ஊர்ந்து போகவும், பெரிய பாரம் இழுக்கவும் அது அதிகம். ஆகவே கிளட்சுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே பொருத்தும் துணைக் கியர்ப்பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஷெர்மன் என்ற பெயரில் வந்தது மிகப் புகழ்பெற்றது. வேகத்தைக் கூட்டும் ஒரு வகை, குறைக்கும் ஒரு வகை, இரண்டும் சேர்ந்த ஒரு வகை. பின்னர் வந்த நான்கு கியர் 8-என் வண்டியில் இந்த இரட்டை வகையைப் பொருத்தினால் 12 வேகங்கள் கிடைத்தன. பொருத்துவதற்கு டிராக்டரை நடுவே இரண்டாகப் பிளக்க வேண்டும்! இன்றும் அமெரிக்காவில் பழைய டிராக்டர்களை வைத்துப் பளு இழுக்கும் போட்டி நடத்துகிறவர்கள் இப்பெட்டிகளைத் தேடிப் பிடித்து மாற்றி அமைக்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தப் பெட்டி தலைக் கியர்ப்பெட்டிக்கு முன்னால் இருப்பதால், சக்கரத்தோடு பி.டி.ஓ. தண்டும் எண்ணெய்ப் பம்பும்கூட வேகம் குறைகின்றன. தார்ச்சாலையில் பாரம் இழுக்கையில் இஞ்சின் திணறினால் இந்த மாற்றம் கைகொடுக்கும். சேற்றில் சக்கரத்துக்குப் பிடி இல்லை என்றால் ஒன்றுக்கும் உதவாது. போட்டிக்காரர்களுக்கு இது தெரியும். எனவேதான் இழுக்கும் கொக்கியின் உயரத்துக்கு விதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் விதி சொல்ல யாரும் இல்லை.

கை குலுக்கிய ஒப்பந்தம் கிழவர் ஆயுளோடு போயிற்று. 1947இல் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அதே எண்ணெயழுத்த முறையோடு 8-என் வண்டியைத் தானே விற்கத் தொடங்கினார். பெர்குஸன் 1948இல் வழக்குத் தொடுத்து 25 கோடி டாலருக்கு மேல் ஈடு கேட்டார். நான்கு ஆண்டு இழுத்தது வழக்கு. 1952இல் 92.5 லட்சம் டாலருடன் சமரசமாயிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும், உலகின் மிகப் பெரிய கம்பெனி ஒன்று ஒரு குடியானவர் மகனுக்குக் காப்புரிமைப் பணம் கொடுக்க நேர்ந்தது சிறிய செய்தி அன்று. பத்திரம் எழுதாமல் கை குலுக்கியது அவருடைய பெருந்தன்மையா, பிடிவாதமா? பிடிவாதம் என்றே எனக்குப் படுகிறது. தம் யோசனையின் சரிதன்மையே போதிய பத்திரம் என்று அவர் நம்பினார் போலும்.

இதற்கிடையே 1946இல் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலையில் டி.இ.-20 என்ற சாம்பல் நிற வண்டியைச் செய்யத் தொடங்கியிருந்தார். 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் உருண்டு வெளிவந்தன. 1953இல் மாஸ்ஸி-ஹாரிஸ் என்ற கனடியக் கம்பெனியுடன் தம் தொழிலை இணைத்தார். விலை பேசுகையில் பத்து லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள், பெர்குஸன் தோற்றார். அடுத்த ஆண்டே அக்கம்பெனியை விட்டு விலகினார். பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் மோட்டார் காரில் மனம் வைத்தார். அதே கேள்விதான்: சக்கரம் மண்ணை எப்படிப் பிடிக்கும்?

அவர் வண்டிகள் போன தூரத்தையும் சொல்ல வேண்டும். எவரெஸ்ட் ஏறிய எட்மண்டு ஹில்லரி, 1957 அக்டோபரில் அன்டார்க்டிக்காவின் கரையிலிருந்து மூன்று பெர்குஸன் டிராக்டர்களில் புறப்பட்டு, 1958 ஜனவரி 4ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தார். மோட்டார் வண்டி தரை வழியே துருவம் சேர்ந்தது அதுவே முதல் முறை. அங்கே கலப்பை இல்லை; பின்னால் கட்டிய சறுக்கு வண்டிகள்தாம். கலப்பை இல்லாத இடத்தில் பெர்குஸனின் எடை மாற்றும் தந்திரம் பலிக்காது. ஆகவே சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டைகளை ஓடவிட்டுப் பனியில் பிடி தேடினார்கள். கண்டுபிடித்தவரின் தந்திரத்துக்கும் எல்லை உண்டு. அதை அறிந்து மாற்றியவர்கள் துருவம் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் கரும்பு டிரெய்லரும் சறுக்கு வண்டியின் இனம்தான்.

1960 அக்டோபர் 25ஆம் நாள், இங்கிலாந்தில் தம் அபட்ஸ்வுட் இல்லத்தில் அவர் இறந்தார். தூக்க மருந்து அளவு மீறியது காரணம். தெரிந்து உண்டாரா, தவறி உண்டாரா என்று விசாரணை தீர்ப்புச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகத் தூக்கமின்மையாலும் மனச்சோர்வாலும் வருந்தியவர். அதே 1960ஆம் ஆண்டில் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கி, மாஸ்ஸி பெர்குஸன் டிராக்டர்களை நம் நாட்டில் செய்ய முற்பட்டது. அவர் பெயர் நம் வயல்களுக்கு வந்தது, அவர் பார்க்கவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடியும் ஊர் போனேன். டிரைவர் அண்ணன் சிறிது தாங்கித் தாங்கி நடக்கிறார். வண்டியை நிமிர்த்திச் சரி செய்து மீண்டும் ஓட்டுகிறார். துணைக் கியர்ப்பெட்டியில் மாற்றிய பற்சக்கரங்கள் அப்படியே இருக்கின்றன. சித்தப்பாவுக்கு அதை எடுக்க மனம் இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. மேல் தண்டின் துளையில் ஒரு கட்டையை அடித்து அடைத்தேன். தரையில் குச்சியால் வண்டியை வரைந்து, சங்கிலி எங்கே இருந்தால் எந்தப் பக்கம் தூக்கும் என்று அண்ணனுக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், சங்கிலியைக் கீழ்க் கொக்கியில் மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.